அப்பா அனுப்பிய மண்டை ஓடுகள், மகன் தோண்டிய வரலாறு: யார் இந்த ஹூலியோ தெயோ?

பெரு நாட்டின் தலைநகர் லிமா. 1900-களின் தொடக்கம். தேசிய நூலகத்தில் சின்னச் சின்ன வேலைகள் பார்த்துக்கொண்டே மருத்துவம் படிக்கிறான் ஓர் இளைஞன். ஒருநாள் அமெரிக்காவில் அச்சான ஓர் அறிக்கையைப் புரட்டுகிறான். பக்கம் பக்கமாக மண்டை ஓடுகளின் படங்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை. சிலவற்றில் சதுரம், சிலவற்றில் வட்டம். அடிபட்டு உடைந்த ஓட்டை இல்லை. ஆள் உயிரோடு இருக்கும்போதே யாரோ நிதானமாக அறுத்து எடுத்தது. எந்த ஊரில் கிடைத்தவை என்று பார்த்தால், வாரோச்சிரி.

அது அவன் சொந்த ஊர். அந்த ஓடுகளை அவன் ஏற்கெனவே பார்த்தும் இருக்கிறான். லிமாவில் இருந்து வந்த உத்தரவுப்படி அவற்றைச் சேகரித்து அனுப்பி வைத்ததே அவன் அப்பாதான்.

மனுவேல் முனிஸ் என்ற பெரு நாட்டு மருத்துவர் சேர்த்த, இப்படித் துளையிடப்பட்ட 19 மண்டை ஓடுகள் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அமெரிக்க ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து எழுத, 1897-இல் அது பெரிய அறிக்கையாக வந்தது. ஊர் இருந்தது, எலும்பு இருந்தது, அளவு இருந்தது. அந்த ஊரில் இன்னும் மனிதர்கள் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் இந்த முன்னோரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கலாம் என்ற எண்ணம்தான் யாருக்கும் வரவில்லை.

இந்த இளைஞன்தான் ஹூலியோ சேசர் தெயோ. பெரு நாட்டுத் தொல்லியலின் தந்தை என்று பள்ளிப் புத்தகங்களில் படிக்கிறார்களே, அவரேதான். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐத்தான் அந்த நாடு தொல்லியலாளர் தினமாகக் கொண்டாடுகிறது. தொல்லியலில் 'காலனிய நீக்கம்' என்ற சொல் இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் அடிபடுகிறது. அந்தச் சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே அந்த வேலையில் இறங்கியவர் தெயோ. அதில் ஜெயித்தார், சறுக்கினார், சில இடங்களில் எதிர்ப்பக்கத்து வேலையையும் தானே செய்தார். அதனால்தான் அவர் கதையை முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மலையில் இருந்து லிமாவுக்கு

வாரோச்சிரி, லிமாவுக்குக் கிழக்கே ஆண்டிஸ் மலையில் 3,000 மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர். தெயோ 1880-இல் அங்கே கெச்சுவா மொழி பேசும் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தார். இன்கா பேரரசின் மொழியும் அதுதான். ஊரில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஷாருகோ'. துணிச்சல்காரன் என்று பொருள்.

இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1600-களின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ தே ஆவிலா என்ற பாதிரியார் இந்தப் பகுதியில் 'உருவ வழிபாட்டு ஒழிப்பு' நடத்தினார். மக்கள் தெய்வமாக வணங்கிய முன்னோர்களின் மம்மிகள் தேடிப் பிடித்து எரிக்கப்பட்டன. எதை ஒழிப்பது என்று தெரிந்தால்தானே ஒழிக்க முடியும்? அதற்காக அந்த ஊர்க் கடவுள்களின் கதைகள் கெச்சுவாவிலேயே எழுதி வாங்கப்பட்டன. 'வாரோச்சிரி கையெழுத்துப் பிரதி' என்று இன்று புகழ்பெற்ற அந்த ஆவணம், ஆண்டிஸ் மக்களின் பழைய சமயம் பற்றி அவர்கள் மொழியிலேயே கிடைக்கிற மிக முக்கியமான சான்று. இருப்பது ஸ்பெயினின் மாட்ரிட் நகரில்.

அழித்தவர்களின் ஆவணத்தில்தான் அழிக்கப்பட்டவர்களின் குரல் மிஞ்சியிருக்கிறது என்பது கொடுமைதான். ஆனால் ஊர் எல்லாவற்றையும் மறந்துவிடவில்லை. அதே கடவுள்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன், பின்னாளில் அவற்றைத் தன் ஆய்வுக் கட்டுரைகளில் கொண்டு வந்தார்.

13 வயதில் அப்பா அவரை லிமாவுக்கு அழைத்துப் போய்ப் பள்ளியில் சேர்த்தார். கொஞ்ச காலத்திலேயே அப்பா இறந்துவிட்டார். பையன் ஊர் திரும்பவில்லை. பேப்பர் விற்றார், ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கினார், படித்தார். கூடப் படித்த நண்பன் ஒருவனின் அப்பாதான் ரிக்கார்டோ பால்மா. பெருவின் பெரிய எழுத்தாளர், தேசிய நூலகத்தின் இயக்குநர். அஞ்சலகத்தில் இருந்து கடிதங்களை எடுத்து வரும் வேலையில் தொடங்கி, நூலக உதவியாளர் வரைக்கும் வந்தார் தெயோ. அந்த நூலகத்தில்தான் அந்த மண்டை ஓட்டு அறிக்கை கைக்கு வந்தது.

மண்டை ஓடு விற்ற மாணவர்

அதற்குப் பிறகு தெயோ என்ன செய்தார்? விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஊர்ப்பக்கம் போய் மலைக்குகைகளிலும் பழைய கல்லறைகளிலும் இறங்கி மண்டை ஓடுகளைச் சேர்த்தார். ஒன்றிரண்டு இல்லை, ஆயிரக்கணக்கில்.

சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, பழங்காலப் பெருவில் சிபிலிஸ் நோய். எலும்புகளையே சான்றாக வைத்து எழுதினார். அது அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அரசு உதவித்தொகையில் ஹார்வர்டு போனார், 1911-இல் மானுடவியலில் முதுகலை முடித்தார். அதற்குள் அவர் சேர்த்த மண்டை ஓட்டு கலெக்‌ஷன் கைமாறியிருந்தது. வாங்கியது யார்? அதே ஹார்வர்டு.

ஆமாம், தன் முன்னோரின் எலும்புகளை அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விற்றார். பின்னாளில் நாட்டின் தொல்பொருள்கள் வெளியே போகக்கூடாது என்று சட்டம் வரக் காரணமாக இருந்தவரும் இவரேதான். இதை எப்படிப் புரிந்துகொள்வது? கையில் காசில்லாத மாணவர், அறிவியல் உலகத்துக்குள் நுழைய அவரிடம் இருந்த ஒரே டிக்கெட் அந்த எலும்புகள்தான் என்று ஒரு பக்கம் சொல்லலாம். அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும் இதுதான் நடைமுறை என்றும் சொல்லலாம். இரண்டுமே உண்மை. ஆனாலும் விற்றது விற்றதுதான். ஓர் ஊரின் இறந்தவர்களை அந்த ஊர்க்காரர் ஒருவரே விற்கும்போது, அந்த ஊரின் மற்றவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த எலும்புகளை வைத்து அவர் சொன்னது சாதாரண விஷயம் இல்லை. 1912-இல் லண்டனில் நடந்த அமெரிக்கவியல் மாநாட்டில், இப்படி அறுவை செய்யப்பட்ட 400 மண்டை ஓடுகளைப் பார்த்ததாகவும், அவற்றில் 250-இல் எலும்பு ஆறிய அடையாளம் இருப்பதாகவும் சொன்னார். அதாவது, பத்தில் ஆறு பேருக்கு மேல் பிழைத்திருக்கிறார்கள். மயக்க மருந்து இல்லாத, இரும்புக் கருவி இல்லாத காலத்தில்! ஏதோ மூடநம்பிக்கைச் சடங்கு என்று பலர் ஒதுக்கி வைத்ததை, கைதேர்ந்த அறுவை சிகிச்சை என்று ஒரு மருத்துவராக நின்று அவர் காட்டினார்.

'இது உங்களுடையது இல்லை' என்ற கோட்பாடு

1913-இல் நாடு திரும்பிய தெயோவின் எதிரில் நின்றது ஒரு கோட்பாடு. அதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மானியரான மாக்ஸ் ஊலே. 1896-இல் பாச்சாகமாக் என்ற இடத்தில் தோண்டி, மண்ணடுக்கு வரிசையை வைத்து ஆண்டிஸ் பண்பாடுகளுக்கு முதன்முதலில் ஒரு கால வரிசை போட்டவர். இன்கா காலத்துக்கு முன்னால் இத்தனை பண்பாடுகள் இருந்தன என்று உலகத்துக்குப் புரியவைத்தவரும் அவர்தான். அதில் அவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் ஊலே இன்னொன்றும் சொன்னார். பெருவின் கடலோரத்தில் முதலில் வாழ்ந்தவர்கள் மீன்பிடித்துத் திரிந்த கரடுமுரடான மக்கள். திடீரென்று அழகான மட்பாண்டங்கள் தோன்றுகின்றன என்றால், அந்த நாகரிகம் வெளியில் இருந்துதான் வந்திருக்க வேண்டும். எங்கிருந்து? மத்திய அமெரிக்காவின் மாயா பகுதியில் இருந்து.

இதில் என்ன தப்பு, அவரும் அமெரிக்கப் பழங்குடிகளைத்தானே சொல்கிறார் என்று தோன்றலாம். அப்போதைய பெருவில் இதை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். லிமாவின் மேல்தட்டுக்கு மலையில் இருக்கும் 'இந்தியர்' என்றால் கூலி, வேலைக்காரர், நாட்டின் முன்னேற்றத்துக்குத் தடை. இன்கா மன்னர்கள் மட்டும் பெருமைக்குரியவர்கள், அதுவும் இறந்துபோனதால். கண்ணெதிரே இருக்கும் கெச்சுவா விவசாயிக்கும் அந்தக் கோயில்களைக் கட்டியவர்களுக்கும் தொடர்பே இல்லை என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. நாகரிகமே வெளியில் இருந்து வந்தது என்று ஒரு பெரிய அறிஞர் சொல்லிவிட்டால், இந்த வசதிக்கு அறிவியல் முத்திரையும் கிடைத்துவிடும்.

பொருள்களும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஹைரம் பிங்கம் 1911-இல் மாச்சு பிச்சுவை உலகுக்கு அறிவித்து, அடுத்த ஆண்டே தோண்டினார். தோண்டி எடுத்தவை அமெரிக்கா போயின. அவை பெருவுக்குத் திரும்பி வர 2011, 2012 வரை ஆனது. நூறு வருஷம்!

தெயோ திரும்பியதும் லிமா மியூசியத்தின் தொல்லியல் பிரிவைக் கையில் எடுத்தார். மேலிடத்தோடு ஒத்துப்போகவில்லை. 1915-இல் விலகினார். சரி, அறிஞராக இருந்தால் மட்டும் போதாது என்று முடிவெடுத்தார் போல. 1917-இல் தன் சொந்த ஊரான வாரோச்சிரி தொகுதியில் இருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். பத்தாண்டுக்கும் மேல் அங்கே இருந்தார்.

சாவீன்: மலை சொன்ன பதில்

1919. சான் மார்கோஸ் பல்கலைக்கழகக் குழுவோடு தெயோ ஆண்டிஸின் உள்பகுதிக்குப் போகிறார். இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், கிட்டத்தட்ட 3,200 மீட்டர் உயரத்தில், சாவீன் தே வாந்தார் என்ற ஊர். அங்கே பிரம்மாண்டமான ஒரு கற்கோயில். உள்ளே இருட்டான சுரங்கப் பாதைகள். அவை கூடும் இடத்தில் சுமார் 4.5 மீட்டர் உயரக் கல். கோரைப்பல், பாம்பு மாதிரி முடி, சிரிப்பா கோபமா என்று பிடிபடாத வாய். வெளிச்சுவரில் இருந்து கல் தலைகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

கோயில் இருப்பது முன்பே தெரியும். வந்துபோன பயணிகள் எழுதியும் இருக்கிறார்கள். தெயோ செய்தது வேறு. இங்கே இருக்கிற அதே கோரைப்பல் உருவங்கள் கடலோரத்தில் கிடைத்த பானைகளிலும் இருக்கின்றன, மலைப்பகுதியின் வேறு இடங்களிலும் இருக்கின்றன என்று ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தார். அப்படியென்றால் நாகரிகம் கடல் வழியாக வந்து மலை ஏறவில்லை. மலையில் பிறந்து கீழே இறங்கியிருக்கிறது. மலைக்கு எங்கிருந்து வந்தது? அதற்கும் பின்னால் இருக்கும் அமேசான் காட்டில் இருந்து என்றார்.

அவர் கையில் இருந்த பெரிய துருப்புச் சீட்டு ஒரு கல்தூண். 1908-இல் ஒரு விவசாயி தன் நிலத்தில் கண்டெடுத்தது. உயரம் 2.5 மீட்டர். முழுக்க முழுக்கச் செதுக்கல். அதில் இருப்பது முதலை இனத்தைச் சேர்ந்த கெய்மன். மூவாயிரம் மீட்டர் உயரக் குளிர் மலையில் முதலைக்கு என்ன வேலை? காட்டு ஆற்றில்தான் அது வாழும். மரவள்ளி போன்ற வெப்பநிலத் தாவரங்களும் அதில் உண்டு. தூணை அவர் லிமாவுக்கு எடுத்துப் போனார். இன்று அதற்கு 'தெயோ தூண்' என்றே பெயர்.

இதையெல்லாம் அவர் சொல்லும்போது கார்பன் காலக்கணிப்பு கண்டுபிடிக்கப்படவே இல்லை. அது வந்தது 1949-இல், தெயோ இறந்த பிறகு. உருவங்களை ஒப்பிட்டும், மண்ணடுக்கைப் பார்த்தும், ஊர்க்கதைகளைக் கேட்டும்தான் வாதாடினார். கடைசி விஷயம் முக்கியம். மற்றவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, கூலியாட்களாக மட்டும் பார்த்த மலை மக்களிடம், அவர் அவர்கள் மொழியிலேயே பேசினார். பாட்டி சொன்ன கதைக்கும் கல்லில் இருக்கும் உருவத்துக்கும் முடிச்சுப் போட்டார். சில முடிச்சுகள் ரொம்பவே இழுத்துப் போட்டவை. ஆனால் வாழும் மக்களையும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே அன்றைக்குப் புதுசு.

பாலைவனத்தில் 429 மூட்டைகள்

அந்தக் காலத்தில் லிமாவின் பழம்பொருள் சந்தையில் அபூர்வமான துணிகள் வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து என்று கேட்டால் வியாபாரிகள் வாய் திறக்கவில்லை. தெயோ துப்பறிவாளர் மாதிரி பின்தொடர்ந்தார். 1925 ஜூலையில், கல்லறை தோண்டிப் பிழைக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் வழிகாட்ட, லிமாவுக்குத் தெற்கே பராகாஸ் தீபகற்பத்தில் வந்து நின்றார். கூடவே அமெரிக்கத் தொல்லியலாளர் சாமுவேல் லோத்ராப்பும் இருந்தார். சுற்றிலும் சிவந்த மணல், கடல், ஓயாத காற்று. மணல் மேலே உடைந்த எலும்புகளும் கிழிந்த துணிகளும் சிதறிக் கிடந்தன.

1927-இல் அதே பகுதியில் வாரி கயான் என்ற இடத்தில் நடந்த கண்டுபிடிப்புதான் உச்சம். 429 மம்மி மூட்டைகள். இறந்தவரை உட்கார்ந்த நிலையில் வைத்து, துணி மேல் துணியாகச் சுற்றி, கூம்பு வடிவத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய மூட்டைகளில் துணிகள் டஜன் கணக்கில் இருந்தன. பருத்தித் துணியில் அல்பாக்கா போன்ற மலை விலங்குகளின் கம்பளி நூலால் பூவேலை. பறக்கும் மனிதர்கள், கையில் தலை பிடித்த வீரர்கள், பறவைகள், பூனைகள். நிறம் இன்னும் மங்கவில்லை. மழையே பெய்யாத பாலைவனம் சுமார் 2,000 ஆண்டுகளாகப் பாதுகாத்து வைத்திருந்தது.

கொஞ்சம் நின்று யோசித்தால், ஒரு போர்வை கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் நீளம். அதன் உருவங்கள் ஒவ்வொன்றும் கையால், தையல் தையலாகப் போட்டவை. அந்தக் கம்பளி மலையில் இருந்து பாலைவனத்துக்கு வந்திருக்கிறது. மலையும் கடலோரமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன என்று தெயோ சொன்னதற்கு இதைவிட அழகான சாட்சி கிடைக்குமா என்ன?

இந்த அகழாய்வைக் களத்தில் நின்று நடத்தியதில் பெரும்பங்கு அவர் மாணவர் தொரிபியோ மெஹியா ஷெஸ்பேயுடையது. அவரும் மலைக்காரர். அதே 1927-இல் நாஸ்கா பாலைவனத்தில் தரையில் கிழிக்கப்பட்ட கோடுகளைக் கவனித்து ஆய்வுலகத்துக்குச் சொன்னவரும் இவர்தான். நாஸ்கா கோடுகள் என்றதும் வேற்றுக்கிரகவாசி வீடியோக்கள்தான் யூடியூபில் வரிசை கட்டுகின்றன. மெஹியாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நாகரிகம் வெளியில் இருந்து வந்தது என்ற பழைய கதைதான், இப்போது விண்வெளி வரை போயிருக்கிறது.

சட்டம் வந்தது, நாற்காலி போனது

1919 முதல் 1930 வரை பெருவை ஆண்டவர் அகுஸ்தோ லெகியா. வர வர சர்வாதிகாரியாக மாறியவர். தெயோ அவர் பக்கம் நின்றார். அதனால் ஆதாயமும் இருந்தது. 1924-இல் பெருவியன் தொல்லியல் அருங்காட்சியகம் வந்தது, அகழாய்வுக்குப் பணம் வந்தது. 1929 ஜூனில் 6634-ஆம் எண் சட்டம் வந்தது. ஸ்பானியர் வருகைக்கு முந்தைய தொல்லிடங்கள் எல்லாம் அரசுக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் தோண்டவோ வெளிநாட்டுக்குக் கொண்டு போகவோ கூடாது. 1985 வரை, அதாவது அரை நூற்றாண்டுக்கு மேல், நாட்டின் தொல்பொருள் பாதுகாப்புக்கு இதுதான் அடித்தளம்.

ஆனால் லெகியா ஆட்சியின் மறுபக்கம்? 1920-இல் கொண்டு வந்த சாலைச் சட்டப்படி ஆண்கள் வருஷத்தில் சில நாட்கள் கூலியில்லாமல் சாலை போட வேண்டும். காசு கட்டித் தப்பிக்க முடிந்தவர்கள் தப்பித்தார்கள். கடைசியில் மாட்டியது யார்? மலைப் பழங்குடிகள். பழங்குடிகளின் பழம்பெருமையை மியூசியத்தில் வைத்த அதே அரசு, அவர்களின் பேரன்களைச் சாலையில் வெட்டி வேலை வாங்கியது. அந்த அரசின் ஆளாகத்தான் தெயோ இருந்தார். அவருடைய ரசிகர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவது வழக்கம்.

1930 ஆகஸ்டில் ராணுவம் லெகியாவைக் கவிழ்த்தது. தெயோவின் மியூசியப் பதவியும் போனது. அவர் இடத்துக்கு வந்த லூயிஸ் வால்கார்செல்லும் பழங்குடி உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்தான். அதனால் இது வெள்ளையர், பழங்குடி சண்டை இல்லை. ஆட்சி மாறினால் நாற்காலி மாறும், அவ்வளவுதான்.

ஆனால் விலை கொடுத்தது பராகாஸ். காவல் தளர்ந்ததும் திருடர்கள் புகுந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் அந்தத் துணிகளில் ஒரு பெரிய தொகுதி, ஸ்வீடன் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் மூலம் கோத்தன்பர்க் நகர மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டம் இருந்ததே? இருந்தது. தாளில்.

2008-இல் அந்த மியூசியம் இந்தத் துணிகளைக் காட்சிக்கு வைத்தபோது, இவை திருடப்பட்டவை என்பதைக் கண்காட்சியின் தலைப்பிலேயே சொல்லிவிட்டது. நல்ல விஷயம்தான். அப்படியென்றால் திருப்பிக் கொடுங்கள் என்று பெரு கேட்டது. 2014-இல் முதல் நான்கு துணிகள் வந்தன. மீதி 2021-க்குள் படிப்படியாக. இத்தனை தாமதத்துக்குச் சொல்லப்பட்ட காரணம், பயணத்தில் நூல் அதிர்ந்து சிதைந்துவிடும் என்பது. அது பொய்யும் இல்லை. இரண்டாயிரம் வருஷத்து நூல். 1930-களில் கப்பலில் கடத்தும்போது மட்டும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

விடாத மனுஷன்

பதவி போனாலும் தெயோ நிற்கவில்லை. 1933-இல் வடக்குக் கடலோரத்தின் நெபேன்யா பள்ளத்தாக்கில் சாவீன் பாணி உருவங்கள் கொண்ட கோயில்களைத் தோண்டினார். 1937-இல் செச்சீன் மலையடியில் போர்வீரர்களும் துண்டிக்கப்பட்ட உடல்களும் செதுக்கிய கற்சுவரைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு லிமா வந்த நெல்சன் ராக்பெல்லரிடம் பேசி, கெட்டுக்கொண்டிருந்த பராகாஸ் மூட்டைகளைக் காப்பாற்ற நிதி வாங்கினார். 1938-இல் லிமாவின் மக்தலேனா பகுதியில் மானுடவியல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்.

1945 ஜனவரியில் ஓர் அதிர்ச்சி. மலை மேல் ஏரி உடைந்து, சேறும் பாறையும் சாவீன் ஊருக்குள் பாய்ந்தன. உயிர்கள் போயின. கோயில் புதைந்தது. அங்கேயே சேர்த்து வைத்திருந்த சிற்பங்கள் பலவும் அடித்துச் செல்லப்பட்டன. தெயோ முன்பே பல சிற்பங்களுக்கு அச்சு எடுத்து நகல் செய்து வைத்திருந்தார். சில கல் தலைகளின் முகம் இன்று நமக்குத் தெரிவது அந்த நகல்களால்தான். கோயிலின் மேல் படிந்த சேற்றை அடுத்து வந்த ஆண்டுகளில் பொறுமையாக அகற்றியவர் மரீனோ கோன்சாலெஸ், தெயோவிடம் வேலை கற்ற சாவீன் ஊர்க்காரர்.

1947 ஜூன் 3-இல் தெயோ இறந்தார். 67 வயது. அவர் தொடங்கிய மியூசியத்தின் வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

அவர் சொன்னதில் எது நின்றது?

வெளியில் இருந்து வந்த நாகரிகம் என்ற கோட்பாடு முழுசாகவே விழுந்துவிட்டது. ஆண்டிஸ் நாகரிகம் உலகத்தில் தானாக முளைத்த சில நாகரிகங்களில் ஒன்று என்பதில் இன்று ஆய்வாளர்களிடம் சந்தேகம் இல்லை. இந்த முக்கியமான கேள்வியில் தெயோ ஜெயித்தார்.

ஆனால் சாவீன்தான் எல்லாவற்றுக்கும் தாய் என்று அவர் சொன்னது நிற்கவில்லை. லிமாவுக்கு வடக்கே, கடலோரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காரால் நகரத்தின் காலத்தை ரூத் ஷாதி தலைமையிலான குழு 2001-இல் வெளியிட்டது. கி.மு. 2600 அளவில், சாவீனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், அங்கே மேடைக் கோயில்கள் எழுந்திருக்கின்றன. செச்சீனும் சாவீனின் பிள்ளை இல்லை, அதைவிட மூத்தது. மலை மட்டுமே ஊற்று என்ற தெயோவின் பிடிவாதத்துக்குக் கடலோரமே பதில் சொல்லிவிட்டது. காட்டுத் தொடர்பு பற்றி அவர் சொன்னதை மட்டும் பிறகு வந்தவர்கள் புது ஆர்வத்தோடு எடுத்துப் பேசினார்கள்.

இன்னொரு பெரிய குறை, எழுதாமல் போனது. தோண்டினார், தோண்டினார், தோண்டிக்கொண்டே இருந்தார். பராகாஸ் பற்றிய முதல் பெரிய நூல் 1959-இல் வந்தது. சாவீன் நூல் 1960-இல். இரண்டாவது பராகாஸ் தொகுதி 1979-இல். எல்லாமே அவர் இறந்த பிறகு, மெஹியா ஷெஸ்பேயின் உழைப்பில். சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவரது குறிப்பேடுகள் பின்னர்தான் பகுதி பகுதியாக அச்சுக்கு வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் எடுத்ததை எழுதினார்கள், பொருளைக் கொண்டு போனார்கள். தெயோ பொருளை நாட்டிலேயே வைத்தார், எழுத்தை மூட்டையிலேயே விட்டுவிட்டார்.

நாட்டிலேயே என்றால், லிமாவில். மலை ஊர்களில் கிடைத்தவை தலைநகருக்கு வந்தன. வாரோச்சிரி மண்டை ஓடுகளை அவர் அப்பா அனுப்பியதும் அதே லிமாவுக்குத்தான். சாவீன் மக்கள் தங்கள் வயலில் கிடைத்த கெய்மன் தூணைப் பார்க்க வேண்டும் என்றால் மலை இறங்கி, நாள் முழுக்கப் பயணம் செய்து, மியூசியம் வாசலில் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

சாவீனில் ஒரு தேசிய மியூசியம் கட்டி, 2008-இல் அந்தத் தூணை மலைக்குத் திருப்பிக் கொண்டு போனார்கள். 89 வருஷம் கழித்து ஊர் திரும்பிய கல்லின் பெயர் மட்டும் இன்னும் தெயோ தூண்தான்.